பின்னால் ஒரு சைக்கிள்

"வால் வந்தாச்சு அண்ணி."

நாத்தனார் குரலைத் தாழ்த்திச் சொன்னதுமே அண்ணி சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அதே ஆள், அதே கறுப்புக் கண்ணாடி. எப்போதும் ஐம்பதடி தள்ளித்தான் வருவான். இவர்கள் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக. நின்றால் அவனும் நின்று, வாய்க்கால் தண்ணீரை வேடிக்கை பார்ப்பான்.

அண்ணிக்கு மருந்துக்கடையில் ஆறு நாளும் நின்றுகொண்டே வேலை. நாத்தனாருக்குக் கால் சென்டரில் ஆறு நாளும் உட்கார்ந்துகொண்டே வேலை. ஞாயிறு காலையில் ஊரைத் தாண்டி இரண்டு மணி நேரம் சைக்கிள் மிதிப்பதுதான் இருவருக்கும் மூச்சு விடும் நேரம். அதற்கும் வந்து சேர்ந்தது இந்த வால்.

"அண்ணன்கிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா உங்க அண்ணன் அந்த ஆளையா பிடிப்பார்? நம்ம சைக்கிளைத் தூக்கிப் பரண்ல போடுவார்."

"அப்ப என்னதான் பண்றது?"

"மிதி. அடுத்த ஊர் வந்துட்டா ஆள் நடமாட்டம் இருக்கும்."

மிதித்தார்கள். இருபுறமும் ஆளுயரச் சோளம். கூப்பிட்டால்கூட ஏன் என்று கேட்க ஆளில்லை. பாதை மேடாக ஏறியது. நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"எழுந்து நின்னு மிதிக்கிறான் அண்ணி!"

அண்ணியும் பார்த்தாள். தலையைத் தாழ்த்திக்கொண்டு, சைக்கிள் இடமும் வலமும் ஆட, அவன் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் இல்லாத அவசரம்.

"இன்னிக்கு ஏதோ முடிவோடதான் வந்திருக்கான்" என்றாள் நாத்தனார்.

மேட்டைத் தாண்டியதும் மூடிக் கிடந்த செங்கல் சூளை ஒன்று தெரிந்தது. அண்ணி சட்டென்று கைப்பிடியைத் திருப்பினாள். செங்கல் அடுக்குகளுக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள்.

"கடந்து போயிடுவான். சத்தம் போடாதே."

சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. நெருங்கியது. நின்றது.

செங்கல் இடுக்கு வழியாக அண்ணி பார்த்தாள். அவன் சைக்கிளை விட்டு இறங்கியிருந்தான். பாதையின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான். பிறகு மண்ணில் பதிந்திருந்த டயர்த் தடத்தைக் குனிந்து பார்த்தான்.

"அம்மா..." என்று கூப்பிட்டான். "அம்மா, எங்க இருக்கீங்க?"

நாத்தனார் சைக்கிள் பம்பை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"போலீசுக்குப் போன் அடிங்க அண்ணி."

அண்ணியின் விரல் திரையில் வழுக்கியது. காலடிச் சத்தம் சூளைக்குள் வந்துவிட்டது. அடுக்கின் முனையில் அவன் நிழல், அடுத்த நொடி அவனே. ஒரு கை சட்டைப் பைக்குள் எதையோ துழாவியது.

"கத்தி!" என்று அலறிக்கொண்டே நாத்தனார் பம்பை ஓங்கினாள்.

அவன் அதைப் பார்க்கவே இல்லை. கால் மடங்கி, செங்கல் மேல் சரிந்து உட்கார்ந்தான். பையிலிருந்து வந்தது விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. திறக்க முடியாமல் விரல்கள் தடுமாறின.

அந்த நெஞ்சுவலி மாத்திரைக் குப்பியை அண்ணி தினமும் பத்துப் பேருக்காவது எடுத்துக் கொடுக்கிறவள். பாய்ந்து போய்ப் பிடுங்கித் திறந்தாள்.

"வாயைத் திறங்க. நாக்குக்கு அடியில வச்சுக்குங்க. முழுங்கக் கூடாது."

கண்ணாடி இல்லாத முகத்துக்கு அறுபது வயதிருக்கும். உதடு வெளுத்திருந்தது. நாத்தனார் பம்பைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஓடி வந்தாள். அண்ணி ஆம்புலன்சுக்குப் பேசினாள்.

ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி நெஞ்சுவலி வந்துச்சும்மா. தெனம் மெதுவா சைக்கிள் மிதிங்க, ஆனா தனியா மட்டும் போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். வார நாள்ல மாடியில ஓடாம நின்ன எடத்துலயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள்ல மிதிச்சுக்குவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிக்காத்துக்கு ஆசை. கூட வர ஆள் இல்ல. அதான், நீங்க போற நேரம் பாத்து..."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றாள் அண்ணி.

"முன்னப் பின்னத் தெரியாத ஆம்பள வந்து 'கூட வரட்டுமா'ன்னு கேட்டா பயந்துட மாட்டீங்களா? அதனாலதான் தள்ளியே வந்தேன். இன்னிக்கு நீங்க வேகமா போயிட்டீங்க. விட்டுட்டா தனியாயிடுவேனேன்னு நானும் அழுத்திட்டேன். மேல வந்து பார்த்தா உங்களக் காணோம். விழுந்துட்டீங்களோன்னு பதறிட்டேன்."

நாத்தனாரால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கீழே கிடந்த பம்பைக் காலால் மெல்லச் செங்கல் சந்துக்குள் தள்ளினாள்.

"எங்கள மன்னிச்சிடுங்க" என்றாள்.

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குற?" அவர் சிரமப்பட்டுச் சிரித்தார். "மூணு வாரமா நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனீங்களே, பெத்த பொண்ணுங்க மாதிரி. அந்தத் தைரியத்துலதான் நான் வீட்டை விட்டே கிளம்பினேன்."