முப்பத்தோராவது குறை

“அந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்து, டெஸ்” என்றார் நெவில்.

டெஸ்மண்ட் அலமாரியை மறைத்தாற்போல் வந்து நின்றுகொண்டார்.

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகருக்கு வெளியே, நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் தம் கையாலேயே கட்டிய வீடு அது. மனைவி மெர்லுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வீட்டை விற்று, மருத்துவமனைக்குப் பக்கத்தில் சிறிய வீடொன்று வாங்கியாக வேண்டும்.

அங்கத்திய சட்டப்படி, சொந்தமாகக் கட்டியவர் ஆறரை ஆண்டுக்குள் விற்பதானால், குறைகளைப் பட்டியலிட்ட ஆய்வறிக்கையும் காப்பீடும் வேண்டும். ஆய்வாளராக வாய்த்தவரோ நெவில். சென்ற கோடையில் ஊர் மன்றத்தின் புல்தரையில் நடந்த பந்து உருட்டும் போட்டியில், பாதம் கோட்டைத் தாண்டியதென்று அவருடைய வெற்றியைப் பறித்த நடுவர் டெஸ்மண்டுதான்.

காலையிலிருந்து முப்பது குறைகள் எழுதியாகிவிட்டது. மெர்ல் கொடுத்த தேங்காய்க் கேக்கில் மூன்று துண்டுகளைத் தின்ற பிறகும் பேனா ஓயவில்லை.

“ரொம்பக் கனம், நெவில்.”

“ரெண்டு பேர் இருக்கோம்ல. பிடி.”

அலமாரிக்குப் பின்னே சுவர் ஊறி உப்பியிருந்தது. குளியலறைக் கசிவு. போன வாரந்தான் அதன்மேல் வண்ணம் பூசி, அலமாரியை இழுத்து மறைத்திருந்தார் டெஸ்மண்ட்.

நெவில் முப்பத்தொன்று என்று எண்ணிட்டு எழுதினார்.

“ஒரு கோட்டுக்காக இவ்வளவு வன்மமா?”

நெவில் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். 

அறிக்கையைப் படித்த இளந்தம்பதி, விலையைக் குறைத்துக் கேட்டு வீட்டை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு மன்றத்தில் நெவிலைக் கண்டால் டெஸ்மண்ட் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்ப்பவரிடமெல்லாம் அவரைப் பழிகாரன் என்றார்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் குளியலறைச் சுவர் இடிந்தது. கட்டியவரே செலவை ஏற்க வேண்டுமென்று வீட்டை வாங்கியவர்களிடமிருந்து கடிதம் வந்தது.

வழக்கறிஞர் பழைய அறிக்கையைப் புரட்டினார்.

“முப்பத்தோராவது குறை. தெரிஞ்சுதான் வாங்கியிருக்காங்க, இதுக்கு நீங்க பொறுப்பில்ல. எழுதாம விட்டிருந்தா, இப்ப இருக்கற வீட்டையும் வித்துத்தான் பணம் கட்டியிருக்கணும்.”

மெர்லுடன் வீடு திரும்பும் வழியில், “அலமாரிக்குப் பின்னாடி பார்க்கணும்னு அவனுக்கு எப்படித்தான் தோணுச்சோ” என்றார் டெஸ்மண்ட்.

“கேக் குடுக்கறப்ப நான்தான் சொன்னேன்” என்றாள் மெர்ல். “ரெண்டு வருஷமா ஊர் பூரா உன்கிட்டப் பேச்சு வாங்கினாரே தவிர, என்னைக் காட்டிக்குடுக்கல.”