சூட்டில் மறையும் மை

தையல் போட்டி நடக்கும் கூடத்தில், வெள்ளைக் கையுறை போட்ட பெண் போர்வையை உதறிக் கம்பியில் மாட்டியதும் மருமகள் ஓரடி பின்வாங்கினாள்.

முழுக்க எழுத்து.

துண்டுத் துணிகளை நட்சத்திரம் நட்சத்திரமாக ஒட்டுப்போட்டு, ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் வெள்ளையாக ஒரு கட்டம் விட்டு அவள் தைத்த போர்வை. பால் மாதிரி வெள்ளையாக அனுப்பிவைத்த அந்தக் கட்டங்களில் இப்போது நீல மையில், பளிச்சென்று, அவளுடைய கையெழுத்து.

தையலுக்குக் கோடு போட வாங்கிய பேனா அது. சூடு பட்டால் மை மறைந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை ஓர் இழுப்பு இழுத்தால் போதும், சுவடே இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் கோடு போட்டதோடு நிற்காமல், மாமியார் மதியம் கண்ணயரும் நேரத்தில், மனதில் இருப்பதையும் எழுதத் தொடங்கினாள். எழுதுவாள், பொழுது சாயும்வரை அதைச் சுற்றித் தைப்பாள், பிறகு தேய்த்துவிடுவாள். அன்றைய கோபம் அன்றைக்கே ஆவியாகிவிடும். செலவில்லாத வைத்தியம்.

உறைகிற குளிர் பட்டால் அதே மை திரும்பி வரும் என்பதைக் கடைக்காரன் சொல்லவில்லை. சரக்கைத் தள்ளிவிடுகிறவன் எதற்குச் சொல்லப்போகிறான்?

குளிருக்கு ஏற்பாடு செய்தவள் தையல் சங்கத் தலைவி. லாரி வாடகையில் அடித்துப் பேசி ஜெயித்திருந்தாள். அந்த விலைக்கு வந்தது ஐஸ்கிரீம் லாரி. எல்லோருடைய போர்வைகளும் வழியெல்லாம் விறைத்து வந்து இறங்கியிருந்தன. அக்கம்பக்கத்துப் போர்வைகளிலும் நீலக்கோடுகள் எழுந்து நின்றன. புண்ணியவதிகள், அவர்கள் கோடு மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

'உப்பு போதவில்லையாம். உங்கள் நாக்கில் இருக்கிறதைத் தொட்டுக்கொள்ளுங்கள்.'

'என் அம்மா வருகிற நாளில் மட்டும் உங்களுக்கு முட்டி வலிக்கும்.'

பரிசு போனால் போகட்டும். அத்தை படித்துவிட்டால் வீடு என்ன ஆகும்? நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்து, மூத்த மகன் வீட்டுக்குத் திரும்புகிற பேச்சையே எடுக்காதவர். அந்த அத்தைதான் இப்போது வாசலில் நின்று, "என் மருமக தைச்சது உள்ளே இருக்கு, பார்த்துட்டுப் போங்க" என்று வருகிறவர்களையெல்லாம் மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எங்கேயாவது ஒரு ஹேர் டிரையர் பிடிச்சுட்டு வாங்க. ஓடுங்க!"

"வந்த இடத்துல தலைக்குக் குளிக்கப் போறியா?" என்ற கணவன் போனிலிருந்து கண்ணை எடுத்தான். போர்வையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தான். பிறகு ஓடினான்.

குறுக்கே கட்டியிருந்த கயிற்றின் மேல் வயிறு அழுந்த அவள் குனிந்து பார்த்தாள்.

நீல வரிகளுக்குக் கீழே மெலிதாகச் சிவப்பு. எட்ட நின்றபோது பிசிறு நூல் என்று நினைத்திருந்தாள். நூல் இல்லை. பேனா செட்டில் அவள் மூடியைக்கூடத் திறக்காத சிவப்பு.

உப்புக் கட்டத்தில்: 'இப்போதெல்லாம் சரியாகத்தான் போடுகிறாய்.'

முட்டிக் கட்டத்தில்: 'உன் அம்மா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். நான் எழுந்து போக ஒரு சாக்கு வேண்டாமா?'

கோணல் மாணலான அந்த எழுத்து யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் அந்த மதியத் தூக்கம்? அனுப்புவதற்கு முந்தின நாள், சுருக்கமாக இருக்கிறது, நானே தேய்த்துத் தருகிறேன் என்று போர்வையை வாங்கிக்கொண்டு போய் அத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டது? இந்த உதவி எங்கிருந்து முளைத்தது என்று அன்றைக்குக் கணவனிடம் சிரித்தாளே!

அவள் நாள்தோறும் எழுதித் தேய்த்ததையெல்லாம் ஒளிந்து படித்து மனப்பாடமாக வைத்திருந்து, கட்டத்துக்குக் கட்டம் பதில் எழுதி, அதையும் தேய்த்துத்தான் கொடுத்திருக்கிறார்.

"என்னடி, சிலை மாதிரி நிக்கிற?"

பின்னால் அத்தை.

"அத்தை... அது வந்து..."

அத்தை போர்வையைப் பார்த்தார். உப்பில் நிற்கவில்லை. முட்டியில் நிற்கவில்லை. தெரிந்த தெருவில் நடப்பதுபோல் அவர் கண் கட்டங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க் கடைசி ஓரத்தில் நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அவன் எங்கே?"

மகனிடம் பஞ்சாயத்து வைக்கப்போகிறார் என்று மருமகள் நினைத்தாள். "ஹேர் டிரையர் வாங்கப் போயிருக்கார்."

அத்தை கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். கடைசிக் கட்டத்தின் மேல் முதுகை ஒட்டவைத்து நின்றுகொண்டார்.

"அம்மா, சாயாதீங்க! தள்ளி வாங்க!" கையுறைக்காரி பதறினாள்.

அத்தை அசையவில்லை.

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, ஹேர் டிரையரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, ஜெயித்துவிட்டவன் சிரிப்போடு கணவன் வந்துகொண்டிருந்தான்.

"அவனை அங்கேயே நிறுத்துடி," என்றார் அத்தை. அந்தக் குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. இத்தனை வருஷத்தில் மருமகள் கேட்டிராத குரல்.

கையுறைக்காரி அத்தையின் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள்.

நீலத்தில்: 'எப்போதுதான் கிளம்புவீர்கள்?'

சிவப்பில்: 'இந்த உடம்பு மழைக்காலம் வரைகூடத் தாங்காது என்கிறார் டாக்டர். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே.'