கேப்டனின் தோள் சின்னம்

“கண்ணாடியைத் துடைச்சுட்டு நல்லாப் பாருங்கம்மா. என் மானமே இதுக்குள்ளதான் இருக்கு!”

ஹெரிபெர்ட் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசைமேல் நகர்த்தினார். உள்ளே, பஞ்சுக்கு நடுவே, சரிகை பின்னிய தோள் சின்னம் ஒரு ஜோடி.

கொலோன் நகரப் பழம்பொருள் சந்தையில் ரோஸ்விதாவின் மேசைக்கு எப்போதும் கூட்டம்தான். வருடத்துக்கு ஒருமுறை பெர்லினிலிருந்து வருவார். பழைய ஜெர்மன் ராணுவ உடையின் பொத்தான், பட்டை, சின்னம் எதைக் கொடுத்தாலும் தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடுவார். கறார் பேர்வழி. போலி என்றால் போலிதான், அழுதாலும் மாற்றமாட்டார்.

“யாரோடது?”

“என் கொள்ளுத்தாத்தாவோடது. கேப்டனாக்கும்!”

“மீன் கடை வெச்சிருந்தவரு கேப்டனா?” பக்கத்தில் நின்ற மைத்துனன் எகோன் சிரித்தான். “இங்கயே ஏதாவது கடையில பேரம் பேசி வாங்கியிருப்பீங்க மாமா.”

“வாயை மூடுடா! மீன் வித்தா கேப்டன் ஆகக்கூடாதா?” ஹெரிபெர்ட் ரோஸ்விதாவிடம் திரும்பினார். “நாளைக்கு எங்க ஆளுங்க கூட்டம்மா. இதைத் தைச்சது யாருன்னு உங்க கையெழுத்தோட ஒரு சீட்டு வேணும். கொள்ளுத்தாத்தா கேப்டன்னு நிரூபிச்சாதான் இந்த வருஷம் குதிரை எனக்கு. இல்லன்னா எதிர்வீட்டு வின்ஃப்ரீடுக்குப் போயிடும். நாப்பது வருஷமாக் காத்துட்டிருக்கேன்.”

குதிரை விஷயம் ரோஸ்விதாவுக்குப் புரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் பேசுவதில் பாதி அவருக்குப் புரிவதே இல்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

சரிகை பளபளத்தது. வெள்ளியாக இருந்தால் நூறு வருடத்தில் கறுத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினார். உள்ளே அட்டை மொடமொடத்தது. ராணுவத்துக்குத் தைப்பவர்கள் அட்டை வைக்கமாட்டார்கள், ஒரு மழைக்குத் தாங்காது. கடைசியாக அடித்துணியின் ஓரத்தை ஊசியால் தூக்கிப் பார்த்தார். தைத்த கடையின் முத்திரை இருந்தது. மணி கட்டிய கோமாளிக் குல்லா!

இதே ஊரில் கார்னிவல் திருவிழாவுக்கு வேஷத்துணி தைத்த கடை அது.

ரோஸ்விதா நிமிர்ந்தார். ஹெரிபெர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப்போல நின்றார். கண் கலங்கியிருந்தது. ‘போலி’ என்ற சொல் ரோஸ்விதாவின் வாய் வரை வந்துவிட்டது. ஆனால், ஐயோ பாவம் என்றிருந்தது. முப்பது வருடத் தொழிலில் முதல்முறையாக மனம் இளகி, அடித்துணியை மெல்ல மூடினார்.

“அசல்தான். பெர்லின்ல ராணுவத்துக்கே தைச்சுக் குடுத்த கம்பெனி. உங்க கொள்ளுத்தாத்தா சாட்சாத் ராணுவ கேப்டன்!” என்று துணிந்து புளுகிவிட்டு, அதையே சீட்டிலும் எழுதினார்.

எகோன் துள்ளிக் குதித்தான். “கடையில வாங்கினதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல! மாட்டிக்கிட்டீங்களா மாமா?”

ஹெரிபெர்ட் முகம் வெளிறி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ராணுவமா? நல்லாப் பாத்தீங்களாம்மா? எங்கயாவது ஒரு மூலையில கோமாளிக் குல்லா மாதிரி ஏதாவது...”

“ஏங்க, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே?” ரோஸ்விதா விழித்தார்.

“என்னத்தைச் சந்தோஷம்! நாங்க கார்னிவல் படைம்மா. மரத் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு, ராணுவத்தைக் கிண்டலடிச்சு ஊர்வலம் போறதுதான் எங்க பரம்பரைப் பெருமையே. கொள்ளுத்தாத்தா அந்தப் படைக்குக் கேப்டன்னு ஊரெல்லாம் மார்தட்டிட்டேன். அவர் அசல் ராணுவக்காரர்னு தெரிஞ்சா, ஊர்வலத்துல ஏறிப்போற குதிரையை விடுங்க, ஒரு கழுதைகூடத் தரமாட்டானுங்க!”

ரோஸ்விதா, தான் எழுதிய சீட்டைச் சரக்கென்று கிழித்துப் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அதை இப்படிக் குடுங்க. கண்ணாடியைத் துடைக்க மறந்துட்டேன்!”