லக்லன் செய்த பெஞ்சு

கல்வீட்டுக்குள்ளே பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். முதுகில் பை இல்லை, கையில் தடி இல்லை. குளிருக்கு அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை.

வீட்டைச் செப்பனிட வந்த மர்டோவுக்குச் சட்டென்று சந்தேகம் தட்டியது.

ஸ்காட்லாந்து மலைக்குள் இவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் மூட்டை முடிச்சு இல்லாமல் வருவதில்லை. இந்தக் கல்வீட்டில் யார் வேண்டுமானாலும் படுத்தெழுந்து போகலாம். காசு கிடையாது, கதவுக்குப் பூட்டு கிடையாது. ஆனால் படுக்கையும் சாப்பாடும் அவரவர் முதுகில்தான் வர வேண்டும்.

இந்த மலையும் வீடும் சேர்ந்த எஸ்டேட் அனுப்பிய ஆள்தான் என்று அவர் முடிவு கட்டினார். புது முதலாளிக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டின் மேல் ஒரு கண். ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் போதும், மான் சுட வரும் பணக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். போன மாதம் ஒருவன் பறவை பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போட்டோ எடுத்துப் போனான். இப்போது வேவு பார்க்க பொம்பளையை அனுப்பியிருக்கான் பாரு!

சுண்ணாம்பு வாளியை வாசலில் தொப்பென்று வைத்தார்.

"எதையாவது தொலைச்சிட்டுத் தேடுறீங்களாம்மா?"

அவள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"இந்த வீட்டைக் கவனிச்சுக்கிறவர் நீங்கதானே? என் பேரு இஷ்பெல். லக்லனோட சம்சாரம்."

எந்த லக்லன்?

"வருஷா வருஷம் மார்ச்லயும் அக்டோபர்லயும் உங்ககூட வேலை செய்ய வர்றாரே, அவருதான். கூரை மாத்தினோம், சுண்ணாம்பு அடிச்சோம்னு வந்து கதை கதையா சொல்லுவாரு. சட்டையில ஒரு பொட்டு சுண்ணாம்பு இருக்காது."

மர்டோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே வேலைக்கு வருவது அவர், கேம்பல் அண்ணன் தம்பி, ஒரு டீச்சரம்மா. அவ்வளவுதான். லக்லன் என்று ஒருத்தன் இந்த வாசலை மிதித்ததே இல்லை.

எஸ்டேட்டாவது மண்ணாவது! புருஷன் நிஜமாகவே இங்கேதான் வருகிறானா என்று பார்க்க அல்லவா மலையேறி வந்திருக்கிறாள், பாவம்.

தெரியாது என்று சொன்னால் அவள் குடித்தனம் இன்றோடு போச்சு. தெரியும் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக இறங்கிப் போவாள்.

இந்த வீட்டுக்கு வந்த யாரையும் மர்டோ கையை விரித்து அனுப்பியதில்லை. நனைந்து வந்தவனுக்குக் காய்ந்த விறகையும் அடுப்போரத்து இடத்தையும் விட்டுக்கொடுத்தே பழகிய மனுஷன். ஒரு பொய்தானே, எங்கப்பன் வீட்டுச் சொத்தா போகுது என்று நினைத்துக்கொண்டார்.

"அட, நம்ம லக்லனா! முதல்லயே சொல்றதுக்கென்ன?"

அவள் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

"இந்த பெஞ்சு அவர் செஞ்சதாமே?"

மர்டோவுக்கு வயிறு எரிந்தது. ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடந்த பலகையைச் சுமந்து வந்து, தோள் வீங்கி, ஒரு கோடை முழுக்க இழைத்து அவர் செய்த பெஞ்சு அது. பாவிப் பயல், இதையுமா தன் பேரில் போட்டுக்கொண்டான்! ஆனால் வாயை விட்டாயிற்று, இனி பின்வாங்க முடியாது.

"ஆமாம்மா. அவர் கைவேலைதான். கெட்டிக்காரர்."

இஷ்பெல் பெஞ்சின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தெளிந்தது. அதைப் பார்த்து மர்டோவுக்கும் மனசு நிறைந்தது. பெஞ்சு போனால் போகட்டும், ஒரு குடும்பம் பிழைத்ததே.

"பெஞ்சைப் பத்தி அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லைங்க," என்றபடி அவள் எழுந்தாள். "உங்ககிட்ட என்ன கேக்கலாம்னு இதுல உக்காந்துதான் யோசிச்சிட்டிருந்தேன்."