மர மீனின் எடை

வாளித் தண்ணீரில் விட்டதும் மர மீன் மறுபடியும் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

செத்தது இப்படித்தான் மிதக்கும் என்று முணுமுணுத்தபடி மாமனார் அதை எடுத்துத் துடைத்தார்.

சமையல் மேடை முழுக்கச் செய்தித்தாள், மரத்தூள், ஒரு கிண்ணம் ஈயக் குண்டுகள். காலையிலிருந்து இதே வேலை. மீனின் வயிற்றில் துளை போடுவார், குண்டைத் திணிப்பார், மெழுகால் அடைப்பார், வாளியில் விட்டுப் பார்ப்பார். முதலில் வால் கனத்துத் தொங்கியது. இப்போது பக்கவாட்டில் சாய்கிறது. நிமிர்ந்து மிதந்தால்தான் தூண்டிலில் கட்டி இழுக்கும்போது உயிருள்ளதுபோல நெளியுமாம். நிஜ மீன் ஏமாந்து வந்து கடிக்குமாம்.

மருந்துக்கடை வேலைக்கு நடுவில் சாப்பிட வந்த மருமகள், தட்டை வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனிதருக்கு மீன் வாடையே ஆகாது. தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. லேத் பட்டறையிலேயே காலம் தள்ளிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அவர் மகன் இறந்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. அவரும் போ என்று சொன்னதில்லை.

அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. தினமும் நாக்கு நுனிவரை வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவாள். இன்றும் விழுங்கினாள்.

அவர் ஒரு குண்டை நெம்பி எடுத்து, மயிரிழை தள்ளித் துளைத்துப் பொருத்தி, மீனைத் தண்ணீரில் விட்டார்.

அது ஒருமுறை தள்ளாடியது. பிறகு நிமிர்ந்தது.

"நின்னுடுச்சு, மாமா."

அவருக்குத் திருப்தியில்லை. ஏரிக்கு இது போதும் என்றார். ஓடுகிற தண்ணீர் என்றால் கவிழ்த்துவிடும், வயிற்றில் இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும் என்றார்.

பிறகு வாளியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அந்தப் பையன் மீன் பிடிக்கிறது ஏரியிலயா, ஆத்துலயா?"

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

கடைக்கு மருந்து கொண்டுவரும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலோடு கிளம்பிவிடுவாராம் என்று எப்போதோ ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கிண்ணத்தில் விரலை வைத்தபடி அவர் காத்திருந்தார்.

"ஆத்துல, மாமா."

தலையாட்டிவிட்டு அவர் இன்னொரு குண்டைப் பொறுக்கினார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துளை போடும்போது ஆடாமல் மீனைப் பிடித்துக்கொண்டாள்.