மேனேஜர் நாற்காலி

கூட வேலை பார்க்கிற வயிற்றுப்பிள்ளைக்காரியை அழவைக்கிற பெண்ணை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

கல்பனா பார்த்தாள். புதுவாயல் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில்.

கம்பெனிப் பெண்கள் ஞாயிறானால் அங்கே கூடி, மேனேஜரிடம் எப்படிப் பேசுவது என்று நடித்துப் பழகுவார்கள். ஒருத்தி மேனேஜராக நாற்காலியில் உட்காருவாள். இன்னொருத்தி எதிரே நின்று கேட்பாள்.

கல்பனா கேட்க வேண்டியது பாத்ரூம் டோக்கனைப் பற்றி. லைனுக்கு ஒரே டோக்கன். போனவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். பிள்ளையைச் சுமந்துகொண்டு எத்தனை நேரம் அடக்குவது?

"சார், அந்த டோக்கனை எடுத்துடுங்க சார்."

அன்று நாற்காலியில் ஹெலன். முன்பு லைன் லீடராக இருந்தவள்.

"மிஷின் ஒண்ணுக்குப் போவுதா? உனக்கு மட்டும் இன்னாம்மா அவசரம்?"

கல்பனாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர்.

"இன்னாக்கா நீ, நெஜ மேனேஜரே தேவல போலக்கீது," என்றாள் விக்டோரியா.

"அழுதா ஆச்சா? பதில் சொல்லச் சொல்லு," என்றாள் ஹெலன்.

மூத்தவள் மணியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி கல்பனா, ஆயில் ஊத்த மிஷினையே நிறுத்துறீங்களே, அதுக்கு எந்த டோக்கன் வாங்குனீங்கன்னு கேளு."

கூடமே சிரித்தது. ஹெலன் சிரிக்கவில்லை.

"அத அவ வாயால சொல்லட்டும்."

கல்பனா சொன்னாள், பாதியில் குரல் உடைந்தது. ஹெலன் விடவில்லை. மறுபடி அதே கேள்வி, அதே இளக்காரம்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் விக்டோரியா பொருமினாள். "அவ கம்பெனி ஆளுடி. இனிமே அவள நாற்காலில உக்கார வெக்கக் கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். கல்பனாவும்தான்.

புதன்கிழமை மேனேஜர் அறை. லைன் பெண்கள் பின்னால் நிற்க, கல்பனா கேட்டாள்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மிஷின் ஒண்ணுக்குப் போவுதா? உனக்கு மட்டும் இன்னாம்மா அவசரம்?"

ஓர் எழுத்து மாறவில்லை.

கல்பனாவுக்கு அழுகை வரவில்லை. அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துபோயிருந்தது.

"ஆயில் ஊத்த மிஷினையே நிறுத்துறீங்களே சார், அதுக்கு எந்த டோக்கன் வாங்குனீங்க?"

"சொல்லுங்க சார்," என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

மறுநாள் டோக்கன் மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது; யார் கையிலும் டோக்கன் இல்லை.

அடுத்த ஞாயிறு ஹெலன் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். கல்பனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தாளு இன்னா சொல்வான்னு உனக்கு எப்டி தெரியும்?"

ஹெலன் வளையலைத் திருகினாள். "என் பெரியவ வயித்துல இருக்கசொல்ல, நான் தனியாப் போயி கேட்டேன். அப்ப என்னப் பாத்து சொன்னதுதான் அது. ஊட்டுக்கு வந்து அழுதேன். பதிலு போன வாரம் மணியம்மாக்கா சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது."

பக்கத்துப் பாயில் கேட்டுக்கொண்டிருந்த விக்டோரியா எழுந்து, நாற்காலியைத் தூக்கி வந்து ஹெலன் முன்னால் போட்டாள்.

"அடுத்து ரெண்டாம் ஷிஃப்ட்டுக்கு வண்டி கேக்கணும். நான்தான் பேசப்போறேன். உக்காருக்கா, என்னையும் கொஞ்சம் அழ வை."