பின்னாலிருந்து ஒரு சத்தம்

சவரிநாதனை அம்பாசடர் காரின் டிக்கிக்குள் மடக்கிப் படுக்க வைத்து மூடியில் கை வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய மனைவி ஆக்சிலியாதான்.

“கால இன்னும் மடக்குங்க. மூடி இடிக்குது.”

“மெதுவாடி, மண்டை ஒடஞ்சிடப் போவுது.”

ஐம்பத்தாறு வயது மெக்கானிக்குக்கு இது தேவையா என்றால், தேவைதான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கோவிந்தராசுவின் பழைய டீசல் வண்டி அது. பின்பக்கம் எங்கோ லொடலொடவென்று ஒரு சத்தம். பத்து நாளாகப் பிரித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. வண்டி ஓடும்போது டிக்கிக்குள் படுத்துக் காது கொடுத்தால்தான் இடம் தெரியும். ஆக்சிலியா ஓட்டுவாள், இவர் கேட்பார்.

“சார் பத்து மணிக்கு வர்றேன்னாரு. அவருக்குப் பொறுமை போயிட்டு. இன்னைக்கும் சத்தம் நிக்கலன்னா நாகூர்ல என் தம்பி பட்டறைல விட்டுடுவாராம்.”

“ஜான்பீட்டர் பேர எடுக்காத. எட்டு வருசமா அவன் மூஞ்சில முழிக்காம இருக்கேன். இந்த வண்டியும் அவன்கிட்ட போயிட்டுன்னா பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான்.” சவரிநாதன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். “மூணு தட்டு தட்டுனா நிறுத்து. சாவி வண்டிலதான் இருக்கு.”

“என் கண்ணாடிய எடுத்துட்டு வந்துடறேன். அசையாம கெடங்க.”

மூடி விழுந்தது. உள்ளேயிருந்து திறக்க வழியில்லாத மூடி.

சற்று நேரத்தில் முன்கதவு சாத்தும் சத்தம் கேட்டது, இன்ஜின் உறுமியது, வண்டி கிளம்பியது. இரண்டு பள்ளத்தில் இறங்கி ஏறியதுமே சவரிநாதனுக்குச் சத்தம் பிடிபட்டுவிட்டது. வலது பின்சக்கரத்துக்கு மேலே, ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. பத்து நாள் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் மூன்று தட்டு தட்டினார்.

வண்டி நிற்கவில்லை.

மறுபடியும் மூன்று. வேகம் குறைந்தது. அப்பாடா என்று கையை எடுத்தார், வேகம் கூடியது. இன்னொரு முறை தட்டினார், குறைந்தது. விட்டார், கூடியது. அதோடு நாலாவது கியரும் விழுந்தது.

ஆக்சிலியா ஜென்மத்தில் நாலாவது கியர் போட்டதில்லை.

அப்படியென்றால் ஓட்டுவது யார்? முந்தாநாள் பைக்கில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பழைய கார் ஒன்றில் பின்சீட்டுக்கு அடியில் ரகசியமாகப் பெட்டி அடித்துத் தர வேண்டுமாம், காரைக்காலின் மலிவு விலைச் சாராய பாட்டில்களை எல்லை தாண்டிக் கொண்டுபோக. முடியாது என்றார். “பாத்து இருந்துக்கங்கண்ணே,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ‘அண்ணே’யை நினைத்து அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது எல்லாம் புரிந்தது. தட்டும்போது வேகத்தைக் குறைக்கிறானே, உள்ளே உயிர் இருக்கிறதா என்று சோதிக்கிறான், பாவி.

மே மாத வெயிலில் தகரம் கொதித்தது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. போன் பட்டறை ஆணியில் தொங்குகிற சட்டைக்குள் இருந்தது. ஏதோ ஒரு இடுக்கு வழியாகக் கருவாட்டு வாடை வந்தது. பட்டினச்சேரி மீனவர் குப்பத்துப் பக்கம், தெற்கே போகிறார்கள். அப்படியானால் எல்லை செக்போஸ்ட் வரும்!

பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொன்னால் எப்போதும் சலித்துக்கொள்கிற மனுஷன், இன்று திறக்கச் சொல்ல வேண்டுமே என்று வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டார். வண்டி தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்தது. தொண்டை வறண்டு குரல் எழும்பவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஸ்பேனரால் அடித்தார்.

“என்னங்க இது சத்தம்?” என்றது ஒரு அதிகாரக் குரல், மிக அருகில்.

முன்னாலிருந்து ஏதோ பதில் போனது. இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு அந்தப் போலீஸ்காரர் சிரித்தது நன்றாகவே விளங்கியது.

“சரி சரி, போங்க போங்க.” டிக்கி மேல் செல்லமாக ஒரு தட்டு வேறு.

சவரிநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. காக்கிச் சட்டையே கூட்டு என்றால் இனி யாரிடம் போய்ச் சொல்வது? முன்சீட்டில் ஒரு போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் எடுக்கவே இல்லை. ஆக்சிலியா இந்நேரம் காலி இடத்தைப் பார்த்து நடுத்தெருவில் நின்று அலறிக்கொண்டிருப்பாள். போகட்டும், அவளையாவது விட்டார்களே.

கொஞ்ச தூரத்தில் வண்டி இடப்பக்கம் திரும்பி, ஒரு மேட்டில் ஏறி நின்றது. இன்ஜின் அடங்கியது. எங்கோ சுத்தியல் அடிக்கும் ஓசை, டீசல் வாடை. கிடங்கு போலிருக்கிறது. பெட்டி அடிக்க வைத்துவிட்டுத்தான் தீர்த்துக்கட்டுவார்கள்.

அவர் தட்டவில்லை. ஸ்பேனரை ஓங்கிப் பிடித்துக்கொண்டார். முதல் அடி நம்முடையதாக இருக்கட்டும், பிறகு கர்த்தர் விட்ட வழி.

இரண்டு ஜோடிக் கால்கள் பின்பக்கம் வந்து நின்றன. டிக்கியின் கைப்பிடி மெல்லத் திரும்பியது. அப்போது வெளியே பாடம் நடத்திப் பழகிய ஒரு குரல் அலுப்போடு சொன்னது:

“ஒன் மச்சான்ட்ட குடுத்தேன் பாரு ஜான்பீட்டரு, என்னைச் சொல்லணும்! மொதல்ல லொடலொடன்னுதான் கேட்டுது, இப்ப உள்ள ஆள் இருந்து தட்டுற மாதிரியே கேக்குது!”